போர்க்கவசப் பிரதிகள்: ஆக்கலும் பேணலும்

முற்காலப் போர்வீரர் அணிந்த இரும்புக் கவசங்களைப் பொருட்காட்சிசாலைகளில் நம்மில் பலர் கண்டிருப்பர். கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் கவசத்தைக் கண்ட மாணவன், இதனை அணிந்து ஒருவனால் நடக்க இயன்றதா, குதிரை ஏற இயன்றதா என்று வினவுவது இயல்பு. மூலக் கவசத்தை அணிந்து பார்த்து இவ்வினாவிற்கு விடை காண்பது முறையன்று. நூற்றாண்டுகளைக் கடந்து வந்த தோல்வார் ஒரே அசைவில் அறுந்துவிடும். மெலிந்த தகடு வளைந்துவிடும். எனவே அதனைப் போன்ற பிரதியொன்றைச் செய்து அணிந்து பார்க்கின்றனர். மூலப்பொருள் தாங்கக் கூடாத தேய்மானத்தையெல்லாம் தான் ஏற்றுக்கொள்வதே பிரதியின் முதற்பயன் ஆகும்.

திரைப்படம், நாடகம், பழங்காலப் போர்முறைகளை நடித்துக் காட்டும் விழாக்கள் ஆகியவற்றிற்காக இத்தகைய பிரதிகள் இன்று பெருமளவில் செய்யப்படுகின்றன. நம் நாட்டில் உத்தராகண்ட மாநிலத்தின் டேராடூன் நகரிலுள்ள பட்டறைகளிலிருந்து ஐரோப்பியக் கவசப் பிரதிகள் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. இவற்றை ஆக்கும் முறையையும் பேணும் முறையையும் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இருவகைக் கவசங்கள்

ஐரோப்பாவின் இடைக்காலக் கவசங்களை வளையக் கவசம், தகட்டுக் கவசம் என இருவகையாகப் பிரிக்கலாம். சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் சட்டைபோல் அமைப்பது வளையக் கவசம். இதில் ஒவ்வொரு வளையமும் தன்னைச் சூழ்ந்த நான்கு வளையங்களின் ஊடே செல்லும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கெல்ட் இனத்தாரிடையே இது வழங்கியமைக்குச் சான்று உண்டு. பின்னர் ரோமானியரும் இதனைக் கைக்கொண்டனர். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய வீரனின் தலையாய காப்பாக இதுவே விளங்கிற்று.

பதினான்காம் நூற்றாண்டில் முழங்கால், கை, மார்பு ஆகியவற்றை மறைக்கும் தகடுகள் படிப்படியாகச் சேர்ந்தன. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமுதல் கால்வரை தகட்டால் மூடிய முழுக்கவசம் உருவாயிற்று. இத்தாலியில் மிலான், ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க், நியூரம்பர்க், ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் ஆகிய நகரங்கள் இத்தொழிலில் பெயர் பெற்றவை. நம் நாட்டில் முகலாயர் காலத்தில் வளையமும் தகடும் இணைந்த கவசங்கள் வழங்கின. மார்பு, முதுகு, இரு பக்கங்கள் ஆகியவற்றிற்கு நான்கு தகடுகளைக் கொண்ட ‘சார் ஆயினா’ இவ்வகையில் அடங்கும். நான்கு கண்ணாடிகள் என்பது இப்பெயரின் பொருள்.

பழைய இரும்பும் இக்கால எஃகும்

பிரதி செய்வோர் முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டியது உலோகத்தின் வேறுபாடாகும். பழைய உலைகளில் மரக்கரியுடன் சேர்த்து எரித்த தாது, இரும்பாக மாறியபோதும் முற்றிலும் உருகவில்லை. கடற்பஞ்சு போன்ற கட்டியாகவே வெளிவந்தது. அதனைச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்கினர். ஆயினும் கசட்டின் ஒரு பகுதி மெல்லிய இழைகளாக இரும்பினுள்ளேயே தங்கிவிட்டது. கார்பனின் அளவும் இடத்துக்கு இடம் மாறுபட்டது. உலோகவியல் அறிஞர் ஆலன் வில்லியம்ஸ் ஏராளமான பழங்கவசங்களை நுண்பெருக்காடியின் துணைகொண்டு ஆராய்ந்து, தம் முடிவுகளை 2003-இல் நூலாக வெளியிட்டார். சில கவசங்கள் தோய்ச்சல் ஏற்றிய நல்ல எஃகால் ஆனவை என்பதும், வேறு பல கார்பன் மிகக் குறைந்த மெல்லிரும்பால் ஆனவை என்பதும் இத்தகைய ஆராய்ச்சிகளால் விளங்கின.

இன்றைய பிரதிகளிற் பெரும்பாலானவை ஆலைகளில் உருட்டப்பட்ட மென்னெஃகுத் தகட்டால் செய்யப்படுகின்றன. இதில் கார்பன் ஏறக்குறைய 0.2 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். கசடு இழை இராது. தகடு முழுவதும் ஒரே தன்மையுடையது. ஆகவே பிரதியின்மீது அம்பெய்தும் வாளால் வெட்டியும் கண்ட முடிவை அப்படியே பழங்கவசத்திற்கும் பொருத்திக் கூறுதல் தவறாகும். உருவம் ஒன்றாயினும் உலோகம் வேறு என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

வளையங்களைக் கோத்தல்

வளையக் கவசம் செய்ய ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. கனமுள்ள இரும்புக் கம்பி ஏற்றது. கம்பியை ஓர் உருண்டைக் கோலின்மீது நெருக்கமாகச் சுற்றி, அச்சுருளை நீளவாட்டில் வெட்டினால் தனித்தனி வளையங்கள் கிடைக்கும். வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நெருக்கி, செந்தணலிற் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு இளக்குவர். பின்னர் முனைகளைத் தட்டித் தட்டையாக்கித் துளையிடுவர். அண்டை வளையங்களின் ஊடே செலுத்தியபின், ‘ரிவெட்’ என வழங்கும் சிறு தறையாணியைத் துளையில் இட்டுக் குறடால் நெரித்து மூடுவர்.

இவ்வேலை எத்துணைப் பொறுமையை வேண்டுவது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு சட்டைக்கு 25,000 வளையங்கள் தேவை எனக் கொள்வோம். நிமிடத்திற்கு ஒரு வளையம் வீதம் மூடினால் ஏறக்குறைய 417 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி உழைத்தால் 52 நாட்கள் செல்லும். கம்பி இழுத்தல், துளையிடல் ஆகியவை இக்கணக்கில் சேரா.

மலிவான பிரதிகளில் தறையாணி இராது. வளையத்தின் முனைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதோடு சரி. பார்வைக்கு வேறுபாடு தோன்றாவிடினும், சிறிது இழுத்தாலே இத்தகைய வளையம் வாய் திறந்துவிடும். ஆதலின் மேடைக் காட்சிக்கு இது போதுமேயன்றி, காப்பிற்கு உதவாது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். துருப்பிடியாதிருக்கத் துத்தநாகம் பூசிய கம்பியைச் சிலர் உபயோகிக்கின்றனர். குளிர்ந்த நிலையில் இதனை வளைப்பதில் தீங்கில்லை. ஆனால் ஒருபோதும் உலையில் இட்டுக் காய்ச்சலாகாது. துத்தநாகம் ஆவியாகி, காற்றுடன் கூடி வெண்புகையாக எழும். அப்புகையைச் சுவாசித்தவர்க்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் உண்டாகும்.

தகட்டிற்கு உருவம் தருதல்

தட்டையான தகட்டைக் கிண்ணம்போல் ஆக்குவதற்கு இரு முறைகள் உள. மரக்கட்டையிற் குடைந்த குழியின்மேல் தகட்டை வைத்து உட்புறமாக அடிப்பது ஒருமுறை; இதில் நடுப்பகுதி விரிந்து மெலியும். முளைபோல் நிற்கும் இரும்புப் பட்டடையின்மேல் தகட்டைக் கவிழ்த்து வெளிப்புறமாக அடித்துச் சுருக்குவது மற்றொரு முறை. இதில் விளிம்பு தடிக்கும். தலைக்கவசம் போன்ற ஆழ்ந்த உருவங்களுக்குப் பின்னதே சிறந்தது. அடிக்க அடிக்க இரும்பு விறைத்துப்போகும். அந்நிலையில் மேலும் அடித்தால் வெடிப்புத் தோன்றும். ஆகவே அவ்வப்போது செந்நிறமாகக் காய்ச்சி மெல்ல ஆறவிடல் வேண்டும்.

பழைய கைவினைஞர் தகட்டை எல்லா இடத்தும் ஒரே கனமாக வைக்கவில்லை. மார்புத்தகட்டின் நடுவில் 2 மி.மீ. அல்லது அதற்கு மேலும், பக்கங்களில் அதனினும் மெலிந்தும், கை கால்களில் ஏறக்குறைய 1 மி.மீ. அளவிலும் கனம் அமைத்தனர். அடி விழக்கூடிய இடத்தில் வலிமையும் மற்ற இடத்தில் இலேசும் இதனால் கிடைத்தன. ஒரே கனமுள்ள ஆலைத்தகட்டால் செய்த பிரதியோ தேவையற்ற சுமையாகிவிடுகிறது. அதனை அணிந்து தடுமாறியவர், பழங்கால வீரரும் இவ்வாறே தடுமாறினர் என்று எண்ணிவிடுகின்றனர். போர்க்களத்தில் அணிந்த முழுக்கவசத்தின் எடை பொதுவாக 20 முதல் 25 கிலோகிராம் வரையே. அச்சுமையும் தோள், இடுப்பு, கை, கால் எங்கும் பரவி நின்றது. கவசம் அணிந்த வீரரைப் பாரந்தூக்கி கொண்டு குதிரைமேல் ஏற்றினர் என்று கூறுவது வெறுங்கதையே.

தோய்ச்சல்

மென்னெஃகைக் காய்ச்சி நீரில் தோய்த்தாலும் அது போதிய கடினம் பெறுவதில்லை. உறுதியான பிரதி வேண்டுவோர் ஏறக்குறைய 0.5 சதவீதம் கார்பன் உள்ள எஃகை எடுத்துக்கொள்வர். உருவம் முடிந்தபின் அதனை 800 முதல் 850 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றி எண்ணெயில் தோய்ப்பர். அப்போது அது மிகக் கடினமாயினும் கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மை அடையும். இக்குறையை நீக்க மறுபடியும் மிதமாகச் சூடேற்றுவர். துலக்கிய எஃகின்மேல் முதலில் வைக்கோல் நிறமும், பின்னர்ச் செம்பழுப்பும், 300 டிகிரி அளவில் நீலமும் தோன்றும். எஃகின் மேற்பரப்பில் படரும் மெல்லிய ஆக்ஸைடு படலமே இந்நிறங்களுக்குக் காரணம். வெப்பமானி இல்லாத காலத்தில் கொல்லர்க்கு இந்நிறமே அளவுகோலாக இருந்தது. நீலத்தை எட்டியும் கடந்தும் இளக்கிய எஃகு, வில்லைப்போல் வளைந்து மீளும்.

துருவே பெரும்பகை

ஈரமும் பிராணவாயுவும் சேருமிடத்து இரும்பு துருப்பிடிக்கும். உப்பு சேர்ந்தால் அச்செயல் விரைவுபடும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேற்படின் சுத்தமான இரும்பும் விரைந்து பாதிக்கப்படும். உப்புப் படிந்த இரும்பிற்கோ அதனினும் குறைந்த ஈரமே போதும். மனித வியர்வையில் உப்பும் மென்மையான அமிலங்களும் இருப்பதால், வெறுங்கையால் தொட்ட இடத்தில் விரற்குறி துருவாகப் பதிவதைக் காணலாம். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் மிகுந்த கவனம் தேவை.

பிரதியைப் பேணுவோர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளலாம்:

1. அணிந்து கழற்றியவுடன் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து, நிழலில் நன்கு உலர்த்துக.

2. பின்னர் மெல்லிய கனிம எண்ணெயோ மெழுகோ பூசுக. தாவர எண்ணெய்கள் இதற்கு ஏற்றவையல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுப் பிசினாக இறுகும்; வேறு சில எண்ணெய்கள் காறலெடுத்து அமிலத்தன்மை பெறும்.

3. இலேசான துருவை எண்ணெயில் நனைத்த மெல்லிய தேய்ப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து நீக்குக.

4. வளையக் கவசத்தை உலர்ந்த மணலுடன் ஒரு பீப்பாயில் இட்டு உருட்டுக. இடைக்கால ஐரோப்பியக் கோட்டைகளிலும் இம்முறை வழக்கில் இருந்தது.

5. தோல்வார்கள் ஈரத்தை உறிஞ்சிவைத்து அடியிலுள்ள ஆணியைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே அவற்றின் அடிப்பகுதியை அடிக்கடி சோதிக்கவும்.

6. பஞ்சு வைத்துத் தைத்த உட்சட்டையைக் கவசத்தோடு சேர்த்து வைக்காமல் தனியே உலர்த்தி வைக்கவும்.

மூலப்பொருளுக்கு இம்முறை ஆகாது

மேற்கூறியவை யாவும் பிரதிகளுக்கு மட்டுமே உரியவை. பழங்கவசத்தை மணலாலோ, செங்கற்பொடியாலோ, தேய்ப்புத்தாளாலோ துலக்கல் பெருந்தவறாகும். வெண்கலப் பாத்திரம் துலக்கும் புளியோ இரும்பையே அரிக்கும். பழைய மேற்பரப்பிலே கொல்லனின் முத்திரை, அரத்தின் கோடு, பொன்முலாமின் எச்சம், நீலம் அல்லது கருநிறப் பூச்சு ஆகியவை தங்கியிருக்கும். வீரன் ஏற்ற அடியின் தழும்பும் அங்கேயே உள்ளது. பளபளப்பை விரும்பிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேய்க்கப்பட்ட பல ஐரோப்பியக் கவசங்கள் தம் பழைய நிறத்தை இழந்தன. அதனை மீட்க வழியில்லை.

ஹைதராபாத் சாலார் ஜங் பொருட்காட்சிசாலை, ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டை, சென்னை அரசினர் பொருட்காட்சிசாலை முதலிய இடங்களில் பழைய படைக்கலங்கள் காக்கப்படுகின்றன. இவையன்றிச் சிறு கோட்டைகளிலும் தனியார் இல்லங்களிலும் இவை காணக்கூடும். அத்தகையவற்றைக் காணும் களப்பணியாளர், கையுறை அணிந்து தொடுதல், மென்தூரிகையால் தூசி நீக்குதல், உலர்ந்த இடத்தில் வைத்தல், புகைப்படம் எடுத்தல் ஆகியவற்றோடு நின்றுகொள்ள வேண்டும். இதற்கு மேற்பட்ட செய்கைக்குப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு இரசாயன வல்லுநரை அணுகுதல் வேண்டும். பண்பாட்டுச் சொத்துக்களைப் பாதுகாப்பதற்கான தேசிய ஆராய்ச்சிக்கூடம் 1976-இல் லக்னோவில் நிறுவப்பட்டதும் இத்தகைய பணிகளுக்காகவே.

பிரதி எது, மூலம் எது என்ற ஐயம் எழாதிருக்கவும் வழி செய்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகரத்து எர்ன்ஸ்ட் ஷ்மிட்டின் பட்டறையில் செய்த பிரதிகள், பிற்காலத்தில் மூலங்களாகக் கருதப்பட்டதும் உண்டு. ஆகவே செய்தோர் பெயரையும் ஆண்டையும் ஒவ்வொரு பிரதியின் உட்புறத்திலும் அழியாதபடி பொறித்தல் நன்று. மூலத்தை மணலில் உருட்டுவதும், பிரதியை அரும்பொருள் என விற்பதும் ஆகிய இரு தீங்குகளையும் இச்சிறு முத்திரை தடுக்கும்.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனை

துலக்கிய நான்கு சிறு மென்னெஃகுத் தகடுகளை எடுத்துக்கொள்க. ஒன்றை அப்படியே விடுக. ஒன்றில் விரலை அழுத்தி எடுக்க. ஒன்றில் உப்புநீர்த்துளி இடுக. ஒன்றில் மெழுகு பூசுக. நான்கையும், அடியில் ஈரத்துணி இட்ட மூடிய சாடியில், துணியைத் தொடாதவாறு ஒரு வாரம் தொங்கவிடுக. எத்தகடு முதலில் துருப்பிடித்தது, விரற்குறி எந்நாளில் தோன்றியது, மெழுகிட்டதன் நிலை யாது என்பவற்றை மாணவர் நாள்தோறும் குறித்து வருதல் வேண்டும். பேழைக்குள் நிற்கும் கவசத்தை ஏன் தொடலாகாது என்பதை அக்குறிப்புக்களே அவர்களுக்கு விளக்கிவிடும்.