சாம்பல் இல்லாத வீட்டில் அவரைக்கொடி

அவரைப் பந்தலில் பனி ஈரம் காய்வதற்குள் சலித்த அடுப்புச் சாம்பலோடு கொல்லைக்குப் போவார்கள் அந்தக் காலத்து வீட்டுப் பெண்கள். கொழுந்திலும் பூங்கொத்திலும் கறுகறுவென்று அப்பியிருக்கும் அசுவினி மேல் அதைத் தூவுவார்கள். இலை ஈரமாக இருந்தால்தான் சாம்பல் ஒட்டும் என்பதால்தான் அந்த விடிகாலை நேரம். கத்தரி நாற்றுக்குக் குழியில் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. மண்ணில் கிடக்கும் புழுவைக் கோழி கிளறித் தின்றுவிடும். தனியாகச் செலவு எதுவும் கிடையாது.

கேஸ் அடுப்பு வந்தது, சாம்பல் போனது. கொல்லை மாடிக்கு ஏறியது, கோழி போனது. பூச்சி மட்டும் கூடவே ஏறி வந்துவிட்டது. இப்போது வேப்பெண்ணெய் பாட்டிலில் வருகிறது. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். ஆனால் சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும், இலையில் பிடிக்காது. வேம்பின் சத்தான அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே சாயங்காலம் அடிப்பதே சரி. உச்சி வெயிலில் அடித்துவிட்டு, பலனில்லை என்று கைவிட்டவர்கள் நிறைய.

அன்றைக்கு இல்லாத தொல்லை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. எத்தனை மருந்து அடித்தும் அடங்காத அதை, 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு பொடிக் குளவி அடக்கியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் குளவி அது. பாட்டிமார் கைப்பக்குவத்தை எவ்வளவு கொண்டாடினாலும், பூச்சியைப் பூச்சியால் பிடிக்கும் இந்த அறிவு நம் காலத்தின் பெரிய வரவு என்றே நினைக்கிறேன்.

அந்த அறிவு இன்னும் மாடி வரை வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம். மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு பார்வைக்கு அசல் மாவுப்பூச்சிதான்: உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகள். தன் இரையின் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து முட்டைகளைத் தின்றுகொண்டிருக்கும். நாமோ எல்லாம் ஒன்றென்று எண்ணித் தண்ணீரைப் பீய்ச்சி அதையும் சேர்த்துக் கழுவிவிடுகிறோம். செம்பருத்திக் காம்பில் வெள்ளையாகக் கண்டால் முதலில் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அசைந்தாலும் மெதுவாகத்தான் அசையும். பெரிதாக இருந்து விறுவிறுவென்று ஓடினால், அந்தக் கிளையில் எதையும் அடிக்க வேண்டாம்.