ஏழுக்கு ஏழு

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையின் மேல் நிற்போம். அங்கே வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று 14 நாடுகள் உண்டு. 'நாடு' என்றதும் பெரிய தேசம் என்று எண்ணிவிடாதீர்கள். சில சிற்றூர்கள் கூடியதே இங்கு ஒரு நாடு.

14 என்ற எண் கபடிக்கு மிக வசதியானது. களத்தில் அணிக்கு ஏழு பேர் அல்லவா? நாட்டுக்கு ஒருவராக 14 பேர் செம்மேட்டில் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை ஏழு ஏழாக எத்தனை வகையில் பிரிக்கலாம்?

முதல் ஆளை 14 வகையில், அடுத்தவரை 13 வகையில் என்று ஏழாமவர் வரை எடுத்தால், 14×13×12×11×10×9×8 = 1,72,97,280. ஆனால் அரியூர்க்காரரை முதலில் அழைத்தாலென்ன, கடைசியில் அழைத்தாலென்ன, அணி ஒன்றுதானே? ஏழு பேரைத் தமக்குள் 5,040 வகையில் வரிசைப்படுத்தலாம். ஆகவே 5,040-ஆல் வகுக்க, 3,432 கிடைக்கிறது. வரிசை மாற்றத்துக்கும் சேர்வுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

மாணவர் பலர் இத்துடன் பேனாவை மூடிவிடுவார்கள். சற்றுப் பொறுங்கள். ஏழு பேரைப் பொறுக்கினால் எஞ்சிய ஏழு பேரும் தாமாகவே எதிரணி ஆகிறார்கள். அவர்களை முதலில் பொறுக்கியிருந்தாலும் அதே ஆட்டந்தான். ஒவ்வோர் ஆட்டத்தையும் இருமுறை எண்ணிவிட்டோம்! சரியான விடை 1,716. வேண்டுமானால் வேறு வழியில் சரிபார்க்கலாம். வளப்பூர்க்காரரை ஒரு பக்கம் நிறுத்துங்கள். அவருடன் சேர ஆறு பேரை மற்ற 13 பேரிலிருந்து எடுத்தால் போதும். அதுவும் 1,716 தான். நாளுக்கு ஓர் ஆட்டமென்றாலும் நாலரை ஆண்டுக்கு மேல் ஆடலாம்.

இனி, வளப்பூர்க்காரரும் அரியூர்க்காரரும் உயிர் நண்பர்கள் என்று கொள்வோம். சீட்டுக் குலுக்கி அணி பிரித்தால் இருவரும் ஒரே பக்கம் வருவதும் எதிரெதிரே நிற்பதும் சரிபாதி என்றே தோன்றும். அப்படியன்று. இருவரும் ஒரே பக்கம் என்றால், இன்னும் ஐவரை 12 பேரிலிருந்து எடுக்கவேண்டும். அது 792 வகை. மீதி 924 ஆட்டங்களில் நண்பர்கள் எதிரிகள்! காரணம் எளிது. வளப்பூர்க்காரர் நின்றபின் அவர் பக்கத்தில் ஆறு இடமே காலி, எதிர்ப்பக்கத்தில் ஏழு. ஆகவே குலுக்கியவர்மேல் ஐயப்படவேண்டாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, குடும்புக்கு ஒருவராகக் குடவோலை முறையில் எடுத்த 30 பேரில், ஆண்டு வாரியத்துக்கு 12 பேரும் தோட்ட வாரியத்துக்கு 12 பேரும் ஏரி வாரியத்துக்கு 6 பேரும் சென்றனர். வயது, கல்வி பற்றிய நிபந்தனைகளை விட்டுவிட்டு, எத்தனை வகையில் பிரிக்கலாம் என்று கண்டுபிடியுங்கள். இங்கும் 2-ஆல் வகுக்கவேண்டுமா?