ஆடினால்தான் அளவு சரி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், இரும்புச் சாமான் விற்கும் ஒரு கடையில் ஐந்து மீட்டர் டேப் வாங்க நின்றேன். இழுத்துப் பார்த்தால் நுனிக் கொக்கி லொடலொடவென்று ஆடியது. வேறொன்று கேட்டேன். அதுவும் ஆடியது. மூன்றாவதும் ஆடவே கடைக்காரர் சிரித்துவிட்டார். “அது ஆடத்தான் செய்யும் சார். ஆடலேன்னாத்தான் கோளாறு” என்றார் நாகர்கோவில் தமிழில்.

உண்மைதான். கொக்கியைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் துளைகளைக் கூர்ந்து பாருங்கள். வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும். கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ, அவ்வளவே அது நகரும். சுமார் ஒரு மில்லிமீட்டர். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது அளவு கொக்கியின் உட்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அலமாரிக்குள் வைத்து அளக்கும்போது கொக்கி முட்டி உள்ளே போகிறது. அப்போது வெளிப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் நிற்பது தகட்டின் கனம். ஆட்டம் அதை ஈடுகட்டுகிறது.

இது தெரியாத காலத்தில் பழைய டேப் ஒன்றின் கொக்கியைச் சுத்தியலால் தட்டி இறுக்கிப் ‘பழுது பார்த்தவன்’ நான். அதைக் கொண்டு அலமாரியின் உள்ளளவை எடுத்து, அதே டேப்பில் குறித்துத் தட்டு அறுத்தேன். தட்டு ஒரு மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. கொக்கியில் நிறுத்திய ஆட்டம் தட்டில் வந்து சேர்ந்தது!

அந்தக் கொக்கியின் நடுவில் சின்னப் பிளவு ஒன்று இருந்தால் அதுவும் காரணத்தோடுதான். ஆணித்தலையில் அதை மாட்டினால் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டாம். வேண்டிய தூரத்தில் பென்சிலைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் வட்டமும் வரையலாம். பல டேப்புகளில் கூட்டின் நீளம் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். ஜன்னல் சட்டத்துக்குள் அளக்கும்போது டேப்பை மூலையில் மடக்கி உத்தேசமாகப் படிக்காமல், கூட்டை முட்டவைத்து அந்த நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். டேப்பின் தகடு வளைவாக இருப்பதும் அழகுக்காக அல்ல. காகிதத்தை நீளவாக்கில் லேசாக வளைத்துப் பிடித்தால் தொங்காமல் நிற்குமே, அதே சங்கதி. அமெரிக்கரான ஹைரம் ஃபாராண்ட் 1922-இல் இந்த வளைந்த தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

ரசமட்டத்துக்கு வருவோம். பெயரில் ‘ரசம்’ இருந்தாலும் குழாய்க்குள் பாதரசம் இல்லை. பெரும்பாலும் சாயம் கலந்த ஆல்கஹால். அது எளிதில் உறையாது, குமிழியும் தடையின்றி நகரும். குழாயின் உட்பக்கம் மிக லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். முழுக்க நேராக இருந்தால் சிறு சாய்வுக்கே குமிழி ஒரு கோடிக்கு ஓடிவிடும். வளைவு இருப்பதால்தான் அது நடுவில் வந்து நிற்கிறது.

ரசமட்டம் சரியா என்று கடையிலேயே சோதிக்கலாம். மேசையில் வைத்துக் குமிழியின் இடத்தைப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் இடவலமாகத் திருப்பி வையுங்கள். குமிழி முன்பு நின்ற பக்கத்திலேயே நின்றால் சாய்வு மேசையுடையது. ரசமட்டத்தோடு சேர்ந்து மறுபக்கம் திரும்பினால் பிழை கருவியுடையது. மூலைமட்டத்துக்கும் இதே வித்தைதான். பலகையின் நேர்விளிம்பில் அணைத்து ஒரு கோடு போட்டு, புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். கோடுகள் பிரிந்தால், அந்தப் பிரிவில் பாதிதான் கருவியின் பிழை. புரட்டியதில் பிழை இரட்டிப்பாகிக் கண்ணுக்குப் படுகிறது.

சாலைக் கடைத்தெருவில் இவற்றோடு இன்னொரு சோதனையும் தேவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது; ஆ. மாதவனின் கதைகளில் நடமாடும் தெரு. இங்கே தமிழும் மலையாளமும் ஒரே கல்லாவில் புழங்குகின்றன. கேரளத் தச்சுமரபில் 8 யவம் ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு கோல். அந்த மரபின் கைநூலான ‘மனுஷ்யாலய சந்திரிகா’வை 1917-இல் இந்த நகரிலிருந்து பதிப்பித்தவர், நெல்லைச் சீமைக்காரரான த. கணபதி சாஸ்திரி. கோல் இன்று 72 சென்டிமீட்டராகக் கொள்ளப்படுகிறது. அப்படியானால் ஓர் அங்குலம் 3 சென்டிமீட்டர். தமிழில் நாம் அங்குலம் என்பதோ இன்ச்சை, அது 2.54 சென்டிமீட்டர்.

முப்பது அங்குலக் கதவு என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கணக்கில் 90 சென்டிமீட்டர், இன்னொன்றில் 76.2. கொக்கியின் ஆட்டமாவது காதில் விழும். இந்த ஆட்டம் எந்த டேப்பிலும் தெரியாது. மரம் அறுக்கும் முன் ஆசாரியிடம் கேட்டுவிடுவது நல்லது: எந்த அங்குலம்?