12 படுக்கைகளில் தொடங்கிய நம்பிக்கை... ஆவடியிலிருந்து அடையாறு வரை டாக்டர் சாந்தா போட்டுத் தந்த பாதை!

காலை நேரத்தில் ஆவடியிலோ அம்பத்தூரிலோ சென்ட்ரல் செல்லும் மின்சார ரயிலில் ஏறுபவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் அல்ல. ஒரு கையில் ஸ்கேன் கவர், மறு கையில் சாப்பாட்டுப் பை, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள். பார்க் டவுனில் பறக்கும் ரயிலுக்கு மாறி, கஸ்தூரிபா நகரில் இறங்கினால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பக்கம். பூந்தமல்லிக்காரர்களுக்கு போரூர், கிண்டி வழியாக பஸ்.

ஒரு நாள் என்றால் சமாளித்துவிடலாம். ஆனால், கதிர்வீச்சு சிகிச்சை அப்படியல்ல. பல வகைப் புற்றுநோய்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம், ஐந்தாறு வாரங்கள் போய் வர வேண்டும். இயந்திரத்துக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அதற்காகப் பயணமும் காத்திருப்புமாக முழு நாள் போய்விடும். தினக்கூலி வீடு என்றால் நோயாளியின் சம்பளமும் போகும், கூட வருபவரின் சம்பளமும் போகும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது, இப்படிப் பார்த்தால் சின்ன விஷயமே இல்லை.

இத்தனை சிரமத்துக்கும் நடுவில் அடையாறு நோக்கி ஜனங்கள் போகிறார்கள் என்றால், அங்கே பணமில்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கையைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர், 2021 ஜனவரி 19 அன்று தன் 93-வது வயதில் மறைந்த டாக்டர் வி.சாந்தா.

'பிழைக்காத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி?'

கதை சாந்தாவிடம் தொடங்கவில்லை. 1923-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த இழப்பு அவரை விடவே இல்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று அரசு வாசல்களைத் தட்டினார். 'இந்த நோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி?' என்பதுதான் அன்றைய அதிகாரத்திலிருந்து கிடைத்த பதிலின் சாரம். பின்னாளில் சாந்தா இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

முத்துலட்சுமி ரெட்டி விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறில் மருத்துவமனை திறக்கப்பட்டது. மொத்தம் 12 படுக்கைகள். இன்றைக்குத் தெருமுனை நர்சிங் ஹோம் சிலவற்றில்கூட அதைவிட அதிகம் இருக்கும்!

1927-ல் சென்னையில் பிறந்த சாந்தா, நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமனுக்கும் எஸ்.சந்திரசேகருக்கும் உறவினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ் முடித்து, மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி பட்டமும் வாங்கினார். அரசுப் பணிக்கான தேர்விலும் தேறி, பெண்கள் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. அதை உதறிவிட்டு, 1955 ஏப்ரலில் அந்த 12 படுக்கை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். தெரிந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமில்லாத பணி. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும். கடைசி வரைக்கும் அதுதான் அவர் வீடு.

அவரும், முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும்தான் ஆரம்பத்தில் அங்கிருந்த இரண்டு டாக்டர்கள்.

தோற்றுப்போன நாள்கள்

இன்று புற்றுநோய் மருத்துவம் என்றால் ரோபோ, டார்கெட்டட் தெரபி என்று பேசுகிறோம். சாந்தா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வந்தவர்கள். கையிலிருந்த மருந்துகள் மிகக் குறைவு. குணப்படுத்துவதைவிட வலியைக் குறைப்பதே பல நாள்களில் டாக்டரின் வேலையாக இருந்திருக்கும்.

1969 பிப்ரவரி 3 அன்று முதலமைச்சர் அண்ணா உயிர் பிரிந்ததும் இதே அடையாறு மருத்துவமனையில்தான். அமெரிக்கா வரை சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தவரையே அந்த நோய் கொண்டுபோனது. 'அண்ணாவையே காப்பாற்ற முடியவில்லை, நம்மால் ஆகுமா' என்று வீட்டுக்கு வீடு எண்ணம் பரவியதில் ஆச்சர்யம் ஏது?

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்தான் இன்னும் கொடுமை. 1960-லேயே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவை ஆரம்பித்துவிட்டது அடையாறு. ஆனால் 1980-களின் தொடக்கம் வரை, ஐந்து குழந்தைகளில் ஒன்று பிழைத்தாலே பெரிது என்ற நிலைதான். வார்டில் விளையாடிய பிள்ளை அடுத்த மாதம் இருக்காது என்று தெரிந்தே, தினமும் அதே வார்டுக்குள் போய்வர வேண்டும். இப்படி ஒன்றிரண்டு வருடம் அல்ல, இருபது வருடங்களுக்கும் மேல்.

1984-ல் ஒரு திருப்பம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 'எம்.சி.பி 841' என்ற சிகிச்சைமுறை உருவானது. இந்தியாவில் கிடைக்கும் மருந்துகளையும், இங்குள்ள வசதிகளையும் கணக்கில் வைத்து வகுக்கப்பட்ட கீமோ அட்டவணை அது. அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அதைப் பின்பற்றின. பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியை எட்டியது. நம்பிக்கை என்று சாந்தா பேசியபோதெல்லாம், அது வெறும் ஆறுதல் வார்த்தையாக இல்லாமல் போனதற்கு இந்த மாதிரிக் கணக்குகள்தான் பின்னணி.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். முதல் சில மாதங்களிலேயே பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிடும். 'சரியாயிடுச்சு' என்று நினைத்தோ, கடன் கழுத்தை நெரித்தோ, பாதியில் நிறுத்திவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. நோய் திரும்பி வந்தால் அப்புறம் போராட்டம் இரண்டு மடங்கு. இது மருந்து தோற்ற கதை அல்ல, பஸ் காசும் வாடகையும் தோற்கடித்த கதை.

நோயாளிகளில் ஏறத்தாழ 60 சதவிகிதம் பேருக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை என்று அடையாறு வைத்துக்கொண்ட வழக்கத்தை இந்த இடத்தில்தான் புரிந்துகொள்ள முடியும். கட்டணம் செலுத்தக்கூடியவர்கள் கொடுப்பதும் நன்கொடையும் சேர்ந்து மற்றவர்களைத் தாங்குகின்றன. புதுப்புது மருந்துகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போவது குறித்த கவலை, சாந்தாவுக்கு இறுதி வரை இருந்தது. 2005-ல் மகசேசே விருது, பிறகு பத்ம விபூஷண் எல்லாம் வந்தன. பேட்டி எடுக்கப் போனவர்களிடம் அவர் அதிகம் பேசியது பயத்தைப் பற்றியும் தாமதத்தைப் பற்றியும்தான். சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்ற நிலையில் வருகிறவர்களைத்தான் அவர் ஆயுள் முழுக்கப் பார்த்தார்.

மாறிய கணக்கு

1980-களின் தொடக்கத்தில் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு மருத்துவமனை ஆரம்பித்தது. அப்போது சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய். இப்போது அது பெருமளவு குறைந்து, மார்பகப் புற்றுநோய் முன்னால் வந்துவிட்டது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசியே இருக்கிறது. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி போட, தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தது.

மார்பகக் கட்டி விஷயத்தில் தாமதம் எப்படி நேர்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலி இருக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவார்கள். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும், மருமகள் பிரசவம் ஆகட்டும்... வீட்டில் எல்லோருடைய காரியமும் முடிந்த பிறகுதான் அம்மாவின் முறை வரும். ஆண்கள் பக்கம் வாயில் ஆறாத புண். ஹான்ஸ், பான்பராக் போடுகிறவருக்கு மூன்று வாரத்தில் புண் ஆறவில்லை என்றால், பல் டாக்டரிடமாவது காட்டிவிட வேண்டும்.

மேற்குப் புறநகர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் அடையாறு வரை போக வேண்டியதும் இல்லை. அம்பத்தூர், ஆவடிக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை பக்கம். பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் நேராகப் போனால், காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அண்ணா பெயரிலேயே அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கர்ப்பப்பைவாய், மார்பகப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், புற்றுநோய் சிகிச்சையும் அதில் வரும். நோய் என்று தெரிந்த பிறகு அலைவதைவிட, ரேஷன் கார்டும் ஆதாரும் வருமானச் சான்றும் கொடுத்து அந்த அட்டையை இப்போதே வாங்கி பீரோவில் வைத்துவிடலாம்.