வேங்கடத்தின் அடிவாரத்தில் கோடையும் கொண்டாட்டமும்

தமிழகத்தின் வடவெல்லை என்று பண்டைப் புலவர் குறித்த வேங்கடமலை இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. அதன் அடிவாரத்தில் திருப்பதி நகரும், உச்சியில் திருமலையும் அமைந்துள்ளன. சித்திரை பிறந்ததும் இப்பகுதியில் வெயில் கடுமையாகிறது. மே மாதத்தில் வெப்பநிலை 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் நாட்கள் பல. தமிழர் கத்திரி வெயில் என்று அஞ்சும் காலத்தை அடுத்து, தெலுங்கர் ரோகிணிக் கார்த்தி என்று அழைக்கும் நாட்கள் வருகின்றன. ரோகிணி வெயிலில் கல்லுரலும் பிளக்கும் என்பது அவர்கள் வழங்கும் பழமொழி.

எனினும், இக்கடும் வெயிற் காலமே இப்பகுதி மக்களின் கேளிக்கைக் காலமாகவும் இருக்கிறது. வயல் வேலை குறைந்திருக்கும், பள்ளிகளுக்கு விடுமுறை. மலையேறுதல், வசந்த விழா, கங்கம்மன் ஜாத்திரை, விடியவிடிய நடைபெறும் பாரதக் கூத்து ஆகிய யாவும் இவ்விரண்டு மூன்று திங்களுக்குள் நிகழ்கின்றன. வெயிலோடு இசைந்து வாழ மக்கள் கண்ட வழிகள் இவற்றில் பல உள்ளன. அவ்வழிகள் எந்த அளவுக்குக் காக்கும், எந்த இடத்தில் போதாமற் போகும் என்பதை அறிந்துகொள்வது கிராமப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பயன் தரும்.

வறண்ட வெப்பமும் ஈர வெப்பமும்

வெப்பமானி காட்டும் எண் ஒன்றைக் கொண்டு மட்டும் வெயிலின் கொடுமையை அளவிட முடியாது. மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. சுற்றுப்புறக் காற்று அதனினும் சூடாக இருக்கும்போது, உடல் தன் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு வியர்வை ஆவியாதல் ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டு செல்லும். ஆனால் வழிந்து தரையில் விழும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைக் காற்றோட்டத்தில் வைத்தால் ஆவியாதலின் ஆற்றல் விளங்கும். காற்றின் வெப்பம் 40 டிகிரியும் ஈரப்பதம் 20 சதவீதமும் இருந்தால், ஈரத்துணி வெப்பமானி ஏறத்தாழ 23 டிகிரியே காட்டும். அதே 40 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதமாக உயர்ந்தால் அது 31 டிகிரி காட்டும். முன்னதில் மண்பானை நீர் நன்கு குளிரும். வியர்வை விரைவில் உலரும். பின்னதில் பானையும் குளிராது, உடலும் குளிராது.

ஜெய்சால்மர் போன்ற பாலைவன நகரங்களின் வெயில் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. திருப்பதி பாலைவனத்து ஊரன்று; கிழக்கே 100 கிலோமீட்டருக்குள் வங்கக்கடல் இருக்கிறது. மேற்கிலிருந்து ராயலசீமை மேட்டு நிலத்து வறண்ட காற்று வீசும் நாளில் இங்கும் பாலைவன வெயிலே. கடற்காற்று உட்புகும் நாளில் வெப்பமானி இரண்டு டிகிரி குறைத்துக் காட்டினாலும் புழுக்கம் மிகுந்திருக்கும். ஆகவே, வறண்ட நாளில் தாகத்தையும் ஈர நாளில் உழைப்பையும் முதலில் கவனித்தல் வேண்டும்.

மலை ஏன் குளிர்கிறது?

திருப்பதி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்திலும், திருமலை ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மலையுச்சி கதிரவனுக்குச் சற்று அருகில் இருந்தும் அங்கே குளிர்ச்சியாக இருப்பது ஏன் என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். காற்றுமண்டலம் பெரும்பாலும் மேலிருந்து சூடேறுவதில்லை. கதிரவனின் ஒளி தரையைச் சுடுகிறது. தரை தன்னைத் தொட்ட காற்றைச் சுடுகிறது. சூடேறிய காற்று மேலெழும்போது அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 9.8 டிகிரி குளிரும். எல்லா நிலைகளையும் சேர்த்துக் கண்ட சராசரி, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி.

இக்கணக்கைத் திருமலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். உயர வேறுபாடு ஏறத்தாழ 700 மீட்டர். ஆகவே நான்கரை டிகிரி முதல் ஏழு டிகிரி வரை வெப்பம் குறைதல் வேண்டும். அடிவாரத்தில் 41 டிகிரி என்றால் உச்சியில் 34 முதல் 36½ டிகிரி வரை இருக்கும். மலைக்காட்டின் நிழலும் இலைகள் வெளிவிடும் நீராவியும் இதற்குத் துணை செய்கின்றன.

திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இதே காற்றுமண்டலத்தைத்தான் மிக உயரம் வரை ஆராய்கிறது. அங்குள்ள பெரிய ராடார் 1,024 அலைவாங்கிகளைக் கொண்டது. வெப்பமண்டல நாடுகளின் மேலே 16, 17 கிலோமீட்டர் உயரம் வரை குளிர் பெருகிக்கொண்டே சென்று, உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 80 டிகிரியை எட்டுகிறது. திருமலைப் பயணி பேருந்தில் ஏறும்போது உணரும் குளிர்ச்சி, அந்நெடும் ஏணியின் முதற்படியே ஆகும்.

இதே மாவட்டத்து மக்கள் நாடும் மற்றொரு குளிரிடம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஹார்ஸ்லி மலை. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இம்மலை 1,200 மீட்டருக்கு மேல் உயரமுடையது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடப்பைக் கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி என்பவர் கோடையில் தங்க இங்கு இல்லம் அமைத்ததால் அப்பெயர் ஏற்பட்டது.

படியேறும் உடலின் கணக்கு

மலைக்குச் செல்லும் முதல் மோட்டார்ப் பாதை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக அலிபிரியிலிருந்து படியேறுவோர் குறையவில்லை. அவ்வழியில் 3,550 படிகள் உள்ளன.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 700 மீட்டர் உயரம் ஏறினால், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை ஏறத்தாழ 98 கிலோகலோரி. ஆனால் தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகிறது. ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், ஏறிமுடிப்பதற்குள் உடலில் ஏறத்தாழ 400 கிலோகலோரி வெப்பம் பிறக்கும். அதை நீக்க 700 மில்லிலிட்டர் வியர்வை ஒரு துளியும் வீணாகாமல் ஆவியாதல் வேண்டும். வழிந்தோடும் வியர்வையையும் சமதளத்தில் நடக்கும் தூரத்தையும் சேர்த்தால் தேவை இன்னும் கூடும். ஆகவே ஒரு லிட்டர் நீர் என்பது படியேறுவோருக்கு மிகையன்று, குறைந்த அளவே.

வெப்பத்தை மட்டும் கருதினால் மாலையும் இரவும் ஏறுதல் நல்லது என்று தோன்றும். ஆனால் இப்பாதை சேஷாசலக் காட்டின் வழியே செல்கிறது. அந்தி நேரம் சிறுத்தைகள் நடமாடும் நேரம். 2023 ஆகஸ்டில் இப்பாதையில் ஒரு சிறுமி சிறுத்தையால் உயிரிழந்தாள். அதன்பின், பிற்பகல் 2 மணிக்குமேல் சிறுவர் செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. இத்தகைய விதிகள் அவ்வப்போது மாறக்கூடும். புறப்படுமுன் கேட்டறிதல் வேண்டும். நடுப்பகலின் வெயிலையும் அந்தியின் விலங்கையும் ஒருங்கே தவிர்க்க விரும்புவோர் பொழுது புலர்ந்தவுடன் ஏறத் தொடங்கி, வெயில் முற்றுமுன் உச்சியை அடைதலே தக்கது.

கல்வீதியும் வசந்த மண்டபமும்

சித்திரைப் பௌர்ணமியில் நிறைவுறுமாறு மூன்று நாட்கள் திருமலையில் வசந்தோற்சவம் நடைபெறுகிறது. வசந்த மண்டபத்தைச் செடி கொடிகளால் வனம்போல் அமைத்து, உற்சவ மூர்த்திகளுக்குப் பால், தயிர், தேன், மஞ்சள், சந்தனம் ஆகியவற்றால் திருமஞ்சனம் செய்வர். நிழலும் நீரும் பசுமையும் சேர்ந்த இடமே கோடைக்கு உரியது என்ற பழைய அறிவு இவ்விழாவில் விளங்குகிறது.

கோயிலைச் சுற்றிய மாடவீதிகளில் வெறுங்காலுடன் நடப்போருக்கு வேறொரு இடர் உண்டு. கருங்கல் ஒளியை மிகுதியாக உட்கொள்வதோடு, வெப்பத்தைப் பாதத்திற்கு விரைவாகக் கடத்தவும் செய்கிறது. ஆகவே கோடையில் தேவஸ்தானத்தார் நடைவழிகளில் வெண்பூச்சு பூசுகின்றனர், விரிப்புகளும் இடுகின்றனர். வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது; நார் விரிப்பு வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கிறது. இரண்டும் வெவ்வேறு தத்துவங்கள் என்பதை மாணவருக்கு அங்கேயே விளக்கலாம்.

கங்கம்மன் ஜாத்திரை

மே மாதத்தில் திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மனுக்கு ஜாத்திரை நடைபெறுகிறது. கங்கம்மன் வேங்கடவனின் தங்கை என்பது மக்கள் நம்பிக்கை. திருமலையிலிருந்து அவளுக்குச் சேலை சீர்வரிசையாக வருகிறது. நாளுக்கொரு வேடமிட்டு மக்கள் வீதியில் ஆடிப்பாடி வருவர். பைராகி வேடத்திற்கு வெண்மண், பண்ட வேடத்திற்குக் குங்குமம், தோட்டி வேடத்திற்குக் கரி, தொர வேடத்திற்குச் சந்தனம் பூசிக்கொள்வர்.

இப்பூச்சுகள் வெயிலில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. வெண்மண் ஒளியைத் திருப்புகிறது; ஈரச்சந்தனம் உலரும் வரை குளிர்விக்கிறது; கரியோ கதிர்களை மிகுதியாக உட்கொள்கிறது. ஆகவே கரி பூசிய சிறுவரை நெடுநேரம் வெயிலில் ஆடவிடாமல் அடிக்கடி நிழலுக்கு அழைத்தல் நலம்.

ஜாத்திரையில் வழங்கப்படும் கேழ்வரகுக் கூழ் மிகச் சிறந்த கோடை உணவு. உப்பும் மோரும் சேர்ந்த கூழ், வியர்வையில் இழந்த நீரையும் உப்பையும் ஒருங்கே ஈடுசெய்கிறது. நீர்மோர், பானகம், நுங்கு ஆகியவையும் அவ்வாறே பயன்படும். ஆனால் அவற்றில் கலக்கும் நீர் தூய்மையாக இருத்தல் வேண்டும். கோடையில் நீர்நிலைகள் வற்றுங்காலத்தில் வயிற்றுப்போக்கு எளிதில் பரவும்.

இரவெல்லாம் பாரதம்

சித்தூர்ப் பகுதியின் கிராமங்களில் தர்மராஜர் கோயில்களிலும் திரௌபதியம்மன் கோயில்களிலும் கோடைதோறும் பாரத விழா நடைபெறுகிறது. பல ஊர்களில் இது 18 நாட்கள் நீடிக்கும். பிற்பகலில் பந்தலின் கீழ் ஹரிகதை. இரவில் வீதி நாடகம். மொழி ஊருக்கு ஊர் தெலுங்காகவும் தமிழாகவும் இருக்கும். எல்லையோரத் தமிழ்க் கிராமங்களின் தெருக்கூத்துக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது.

இந்நேர ஒழுங்கு வெப்பத்திற்கு ஏற்றதே. கடும் வெயிலில் அமர்ந்து கேட்பது, இருட்டில் ஆடுவது. மேகமற்ற வறண்ட இரவில் திறந்த மண்தரை தன் வெப்பத்தை வானுக்கு விரைவில் கதிர்வீசிக் குளிர்கிறது. சிமெண்டுக் கூரையும் தாரிட்ட சாலையுமோ பகலில் சேர்த்த வெப்பத்தை நள்ளிரவு வரை விட்டுக்கொண்டிருக்கும். எனவே கூத்துக்கு ஊர்ப்புறத்து வெட்டவெளி ஏற்றது. கட்டடங்கள் நெருங்கிய முற்றம் ஏற்றதன்று.

எல்லா நிகழ்ச்சிகளும் இரவில் நடப்பதில்லை. நெடுமரத்தில் ஏறும் அருச்சுனன் தபசும், மண்ணால் சமைத்த பேருருவின்மேல் நிகழும் துரியோதன வதமும் பகலில் திரளான கூட்டத்தைக் கூட்டுகின்றன. இரவெல்லாம் கண்விழித்தவர் அடுத்த நண்பகலில் வெயிலில் நிற்பது ஆபத்து. உறக்கமின்மை வெப்பநோய்க்கு இடந்தரும் காரணங்களுள் ஒன்று. இந்நாட்களில் பந்தல், குடிநீர்ப் பானை, ஒரு கட்டில், ஒரு வாளி நீர் ஆகியவற்றை விழாக்குழுவினர் ஆயத்தமாக வைக்குமாறு கிராமப் பணியாளர் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

அபாயக் குறிகள்

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை முதல் எச்சரிக்கைகள். இந்நிலையில் நிழல், ஓய்வு, உப்புச்சர்க்கரை நீர் ஆகியவை பெரும்பாலும் போதும். ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக்கொள்ளலாம்.

பேச்சுத் தடுமாறினாலோ, நினைவு மங்கினாலோ, வலிப்பு கண்டாலோ அது வெப்பத்தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியையோ அதற்கு மேலோ எட்டியிருக்கும். அப்போது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குளிர்விப்பதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்குக் கேடு. வெறும் உடலில் விசிறுவதினும் நனைந்த உடலில் விசிறுவதே பயனுடையது என்பதன் காரணம் முன்னரே கூறப்பட்டது.

பள்ளிகள் செய்யக்கூடியவை

கோடைச் சுற்றுலாவை ஆசிரியர்கள் எளிய ஆராய்ச்சியாக மாற்றலாம். ஒரே வகையான இரு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுக. அலிபிரியில் நிழலில் ஒருமுறையும், பேருந்தில் திருமலையை அடைந்ததும் நிழலில் ஒருமுறையும் அளவு குறித்து, இரு இடங்களின் உயரத்தோடு ஒப்பிடுக. வெண்பூச்சுள்ள கல்லையும் பூச்சற்ற கல்லையும் அளந்து பார்க்கலாம். மலைப்பாதையில் பழம்பாறையின்மேல் பிற்காலப் படிவுப்பாறை அமர்ந்திருக்கும் இடம் தேசிய நிலவியல் சின்னமாகப் போற்றப்படுவதையும் காட்டலாம்.

வெயில் உச்சத்திலிருக்கும் வேளையை, 1993-இல் அலிபிரியருகே தோன்றிய வட்டார அறிவியல் மையத்தின் கோளரங்கத்தில் கழிக்கலாம். காலையில் மலை, பகலில் கோளரங்கம், மாலையில் கூத்து என நாளை வகுத்துக்கொண்டால், இப்பகுதியின் கோடை மாணவருக்கு இன்பமும் கல்வியும் ஒருங்கே தரும்.