சோள மதுவும் நகரசபைக் கஜானாவும்

தென்னாப்பிரிக்காவில் ஜூலு ஸ்திரீகள் முளைகட்டிய சோளத்தைக் காய்ச்சிப் புளிக்கவைத்து வடிக்கும் பானம் வெறும் போதை வஸ்துவன்று. மூதாதையருக்கு அது நிவேதனம். வயல்வேலைக்குக் கைகொடுத்த அயலாருக்கு உபசாரம். பட்டணம் புகுந்த ஏழைப் பெண்ணுக்கு ஜீவனோபாயம்.

நேட்டாலில் 1908-ஆம் வருஷத்துச் சட்டம் இவ்வியாபாரத்தை நகரசபைகள் ஏகபோகமாக்கிக்கொள்ள வழி செய்தது. டர்பன் நகரசபை தானே மதுக்கடை திறந்து, அவ்வருவாயைக் கொண்டே கறுப்பரை அடக்கியாளும் நிர்வாகத்தை நடத்திற்று. வீட்டில் காய்ச்சியவள் குற்றவாளி. கடையில் விற்ற நகரசபையோ தர்மகர்த்தா!

1929-இல் பகிஷ்காரம் மூண்டது. 1959-இல் கேட்டோ மேனர் ஸ்திரீகள் நகரசபைக் கடைக்குள் புகுந்து, குடித்துக்கொண்டிருந்த ஆடவரை விரட்டினர்.

மதுவிலக்கை வேண்டும் நாம் இதை மறத்தல் தகாது. குடியைத் தடுப்பது வேறு. குடியின் லாபத்தை ஏழையிடமிருந்து பறிப்பது வேறு. முன்னதற்குத் தர்மம் துணை. பின்னதற்குப் போலீஸ் தடியே துணை.