ஒரே குடும்பம், இரண்டு குணம்: வெள்ளத்தில் நெல்லின் மரபணுக்கள்

ஆசிரியர் நண்பர்களே, "டீச்சர், நெல்லு தண்ணியிலதானே வளருது? அப்புறம் வெள்ளம் வந்தா ஏன் செத்துப் போகுது?" என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மரபணுப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

வேர் தண்ணீரில் நிற்பது வேறு, செடி முழுதும் மூழ்குவது வேறு. நெற்செடியின் உள்ளே இருக்கும் காற்றறைகள் வழியாகத்தான் உயிர்வளி இலையிலிருந்து வேருக்கு இறங்குகிறது. இலையும் மூழ்கிவிட்டால் அந்த வழி அடைபடும். தண்ணீரில் வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். மூழ்கிய செடி எப்படியாவது மேலே எட்டிவிடலாம் என்று அவசரமாக நீளும். சேர்த்து வைத்த சர்க்கரையெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள்... அவ்வளவுதான், பயிர் போச்சு.

ஆனால் ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற ரகம், இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அந்தக் குணத்தின் பெரும்பகுதி 9ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று 1996இல் தெரிந்தது. எந்த மரபணு என்று தெரிய மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. அதன் பெயர் சப்1ஏ.

இது ஈஆர்எஃப் என்ற பெரிய மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு பழைய மரபணு பலமுறை நகலாகி, நகல்கள் காலப்போக்கில் மாறினால் அதுதான் குடும்பம். இந்தக் குடும்பத்துப் புரதங்கள் எல்லாவற்றிலும் சுமார் 60 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி ஒத்திருக்கும். அதுதான் குடும்ப முகச்சாடை. அந்தச் சாடையை வைத்துத் தேடி, நெல்லில் 139 உறுப்பினர்களை 2006இல் எண்ணினார்கள்.

எண்ணுவது சுலபம். யார் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கஷ்டம். செடியை வெள்ளம், வறட்சி, உப்பு போன்ற நெருக்கடிகளில் வைத்து, எந்த மரபணு சுறுசுறுப்பாகிறது என்று அளப்பார்கள். ('மன அழுத்தம்' நினைவுக்கு வந்து பிள்ளைகள் குழம்புவார்கள் என்பதால், வகுப்பில் 'அழுத்தம்' என்பதைவிட 'நெருக்கடி' என்றே சொல்லலாம் என்பது என் எண்ணம்.) இங்கே ஒரு பொறி இருக்கு, பாருங்க. சப்1ஏவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரான சப்1சியும் வெள்ளத்தில் விழித்துக்கொள்கிறது, வெள்ளம் தாங்காத ரகங்களிலும்கூட! விழித்ததாலேயே அது காப்பாற்றுகிறது என்று முடிவு கட்ட முடியாது. அதனால்தான் சப்1ஏவை, தாங்காத ஒரு ரகத்துக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அந்தச் செடி தாக்குப்பிடித்தது.

மூழ்கிய செடிக்குள் எத்திலீன் வாயு தேங்கும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். அது சப்1ஏவை எழுப்ப, சப்1ஏ வளர்ச்சியைத் தூண்டும் கிப்பரெலின் ஹார்மோனை அடக்கி, "இப்ப வளராதே, சர்க்கரையை மிச்சப்படுத்து" என்கிறது. தண்ணீர் வடிந்ததும் செடி மறுபடி துளிர்க்கிறது.

2009இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தினர் இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு மரபணுக்களைக் கண்டார்கள்: ஸ்நோர்க்கல்1, ஸ்நோர்க்கல்2. முக்குளிப்பவர் வாயில் கவ்வும் மூச்சுக்குழாயின் பெயர் அது. இவற்றை எழுப்புவதும் எத்திலீன்தான், ஆனால் வேலை நேர்மாறு: "வளரு, வேகமா வளரு!" வங்காளதேசம் போன்ற இடங்களின் ஆழ்நீர் நெல் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் நீளக்கூடும்.

எது சரி? வெள்ளத்தைப் பொறுத்தது. இரண்டு வாரத்தில் வடியும் வெள்ளத்தில் அடங்கிக் கிடப்பது நல்லது. மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்தில் அடங்கிக் கிடந்தால் சாவுதான். சப்1ஏவைச் 'சுவர்ணா' ரகத்தில் கலப்பினச் சேர்க்கை மூலம் ஏற்றி, 'சுவர்ணா-சப்1' என்று 2009இல் இந்தியாவில் விவசாயிகளுக்குக் கொடுத்ததும் முதல் வகை வெள்ளத்துக்காகவே.

இவ்வளவும் சொன்ன பிறகு, அதே மாணவன் மறுபடி கை தூக்குவான்: "டீச்சர், ரெண்டு மரபணுவையும் ஒரே நெல்லுல வச்சா, அது யார் பேச்சைக் கேக்கும்?" உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். குழுவாகப் பிரித்து வாதாட விடுங்கள்.